பால் காய்ச்சாத வீடு

மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ராஜாம்பாள் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆஸ்பத்திரி வீடு எது என்று கேட்டால் நான்கு பேர் கை காட்டுவார்கள். இரண்டும் ஒன்றுதான். முன்னால் இருந்த, தளம் போட்ட மெத்தை வீட்டில் அரசு மருந்தகம் இருந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரியான ராஜாம்பாள் பின்னால், சிமெண்டு மூட்டை அடுக்குவதற்காகப் போட்ட கீற்றுக் கொட்டகையில் இருந்தாள். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, ஏழெட்டு வருஷம். யாரும் அவளை ஏமாற்றவில்லை. யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ராஜாம்பாளும் அவள் புருஷன் சிங்காரவேலும் பனங்கொல்லைக்காரர்கள். மணிலாக்கடலையும் முந்திரியும் விளைகிற செம்மண் காடு. எழுபதுகளின் கடைசியில் புது நிலக்கரிச் சுரங்கத்துக்காக அந்த ஊரை ஊரோடு எடுத்துக்கொண்டார்கள். நஷ்டஈடு கைக்கு வந்ததும் பாதிப் பேர் ரேடியோ வாங்கினார்கள், கைக்கடிகாரம் வாங்கினார்கள், மாமன் மச்சானுக்கெல்லாம் வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். சிங்காரவேல் ஒரு பீடிக்கட்டுகூடக் கூடுதலாக வாங்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தான். சுரங்கத்தில் அவனுக்குக் கண்டிராக்ட் வேலை கிடைத்திருந்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரி மேலே போடுகிற வேலை. இன்றைக்கு பர்மனெண்ட் ஆகும், நாளைக்கு பர்மனெண்ட் ஆகும் என்று சங்கு ஊதுகிற நேரமெல்லாம் ஷிப்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

வீட்டில் அவன் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்று. நடுவீடு அகலமாக இருக்க வேண்டும். கொத்தனார் சாமிக்கண்ணு, இவ்வளவு பெரிய கூடம் எதற்கு, ஓர் அறையைக் கூட்டிக்கொள்ளலாமே என்றார்.

"எங்கப்பனயும் அம்மாவயும் நடுவூட்டுலதான் கெடத்தினோம். ஊரே சுத்தி ஒக்காந்துச்சி. நாளைக்கு என்ன கெடத்த எடம் வோணாமா?" என்றான் சிங்காரவேல்.

"வூடு கட்றப்ப பேசற பேச்சா இது? வாயக் கழுவுங்க" என்று ராஜாம்பாள் சத்தம் போட்டாள். சாமிக்கண்ணு சிரித்துக்கொண்டே நடுவீட்டை அகலமாகவே கட்டினார். பனங்கொல்லை வீட்டிலிருந்து பெயர்த்து வந்த நிலைவாசலையே இதிலும் வைத்தார்கள். அது குட்டையான நிலை. சிங்காரவேல் உயரமானவன். அந்த நிலையில் குனிந்து போவது அவனுக்கு வளர்ந்த நாளிலிருந்தே பழக்கம்.

வெள்ளையடித்த சுவர் காய்ந்தபோது ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது.

"நாளைக்கே பால் காச்சிப் போயிடலாம் ராஜாம்பா. மழ வந்தா இந்தக் கொட்டாயில தண்ணி நிக்கும்" என்றான் சிங்காரவேல்.

"ஆடியில எவனாச்சும் புதுவூட்டுக்குப் போவானா? இருக்கற ஒரு பொண்ணும் வாழ வோணாமா? ஆவணி பொறக்கட்டும். மொத முகூர்த்தத்துல காச்சிக்கலாம்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். ஆடியில் குடி போனால் குடி விளங்காது. அதனால் பூட்டுப் போட்ட புது வீடு முன்னால் நிற்க, புருஷனும் பெண்டாட்டியும் வயதுக்கு வந்த மகள் காந்திமதியும் பின்னால் கொட்டகையில் படுத்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ராஜாம்பாளுக்கு வீடே பறந்தது.

பனங்கொல்லையில் ஜனங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகும் கிளம்பாமல் இருந்தது அரசு மருந்தகம் ஒன்றுதான். சுரங்கத்தின் கரை நெருங்கி வந்துகொண்டிருந்தது. வெடி வைக்கும்போதெல்லாம் அந்தப் பழைய கட்டடம் ஆடும். ஒரு நாள் கூரைக்காரை பெயர்ந்து, புண் கட்டுகிற மேஜைமேல் விழுந்தது. நல்ல வேளை, மேஜைமேல் ஆள் இல்லை. ஒரு வாரத்துக்குள் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. சர்க்காருக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இடம் கிடைத்தால் அங்கே போகலாம். கிடைக்காவிட்டால் சேத்தியாத்தோப்பு ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிப் போய் வந்தால் கூலிக்காரனுக்கு அன்றைய கூலி போயிற்று.

இடம் தேடுகிற வேலை கம்பவுண்டர் சங்கரலிங்கத்தின் தலையில் விழுந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரர். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். அவர் மட்டும் மருந்து அலமாரி மாதிரி அங்கேயே இருந்தார். சைக்கிளில் தெருத் தெருவாக அலைந்தார். சர்க்கார் நிர்ணயிக்கிற வாடகைக்கு யாரும் மசியவில்லை. ஓர் அறையில் ஏழெட்டு கண்டிராக்ட் ஆட்களை அடைத்தால் அதைவிட இரண்டு மடங்கு வரும். அப்படியே மசிந்தாலும், சீக்காளிகள் வருகிற இடம், வேண்டாம் ஐயா என்று கும்பிட்டார்கள். கடைசியில்தான் அவர் கண்ணில் பட்டது, புது வெள்ளையின் வாசனையோடு பூட்டிக் கிடந்த சிங்காரவேலின் வீடு.

கொட்டகை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "கேக்கதுக்கே சங்கடமா இருக்கும்மா. வேற வழி தெரியல. சொந்தக் கட்டடத்துக்கு சர்க்கார்ல எடம் பாத்தாச்சி. ஆறே மாசம். தை மாசம் நீங்க பால் காச்சிக்கிடலாம்."

காந்திமதிக்கு ஐந்து வயதில் வாந்தியும் பேதியும் வந்து கண் செருகியபோது, டாக்டர் இல்லாத அன்றைக்கு, இந்த மனிதர்தான் தன் சோற்றைக்கூடத் தின்னாமல் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிப் பிழைக்க வைத்தார். அவர் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல ராஜாம்பாளுக்கு நாக்கு எழுமா? அதோடு பனங்கொல்லை ஜனங்களும் வந்துவிட்டார்கள். நம்ம ஊர் ஆஸ்பத்திரி நம்மளோடயே இருக்கட்டும் ராஜாம்பா என்றார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் ஆனியிலேயே பால் காய்ச்சிக் குடி போனவர்கள்.

சிங்காரவேல் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "குடுத்தா திரும்பாது. எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்கற கதையாயிடும். இப்பவே நாலு பேரக் கூப்புட்டு பாலக் காச்சிடுவோம். குடி வந்துட்டோம்னு சொன்னா அவரும் வுட்டுருவாரு."

"ஆடியிலயா?" என்றாள் ராஜாம்பாள். பிறகு, தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வதைப்போல, "பால் காச்சாத வரைக்கும் அது வெறும் செவுருதான. வூட்டையா குடுக்கறம்? செவுரக் குடுக்கறம். தையில காச்சிக்கலாம், வூடாயிடும்" என்றாள்.

அவள் அதை நிஜமாகவே நம்பினாள். பால் பொங்கியிருந்தால், ஒரு நாள் படுத்து எழுந்திருந்தால், யார் வந்து கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டாள். பொங்காததால் அது தன்னுடையதாக இன்னும் ஆகவில்லை என்று நினைத்தாள். ஆகாத ஒன்றைக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

இரண்டு டிராக்டர் நடையில் மருந்தகம் வந்து இறங்கிவிட்டது. நடுவீடு ஊசி போடும் இடமானது. காற்று நன்றாக வருகிற அறையில் டாக்டர் உட்கார்ந்தார். சமையலறையில் அட்டெண்டர் சின்னதுரை மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் போட்டுக் கொதிக்க வைத்தான். பின்பக்க ஜன்னல் வழியாக ராஜாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் வூட்டு அடுப்புல மொதல்ல கொதிச்சது ஊசிங்க" என்றாள் புருஷனிடம்.

"பொங்கிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிங்காரவேல் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தை வந்தது. சொந்தக் கட்டடத்துக்குப் பார்த்த இடத்தில் வழக்கு என்றார்கள். அடுத்த தை வந்தது. வழக்கு முடிந்தது, இனிமேல்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த தையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். வாடகை மட்டும் ஒழுங்காக வந்தது, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வராமல் இருந்திருந்தாலாவது சண்டை பிடித்துக் காலி செய்ய வைத்திருக்கலாம். அந்தக் கொடுப்பினையும் அவளுக்கு இல்லை.

ஒரு தடவை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டு போனாள். வாசலை மிதிக்கும்போதே, வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடினாள். சின்னதுரையைக் காணோம். "ராஜாம்பா, அந்தக் காலப் புடியும்மா" என்றார் சங்கரலிங்கம். பிடித்தாள். ஊசி ஏறியது, பிள்ளை அடங்கியது, அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ராஜாம்பாள் வந்த காரியத்தைச் சொல்லாமல் திரும்பி வந்து கொட்டகையில் உலை வைத்தாள். நோயாளியைப் பார்த்துக்கொண்டே நோயாளியின் இடத்தைக் கேட்க எந்த வாய்க்கு வரும்? கோபம் வந்தால் அதை யார்மேல் காட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அது உள்ளேயே கிடந்து புளித்தது.

காந்திமதி கல்யாணத்துக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்ததால் மருந்தகம் லீவு. சங்கரலிங்கம் தாராளமாக நோயாளிகளின் பெஞ்சுகளைத் தெருவில் எடுத்துப் போட்டுக் கொடுத்தார். உள்ளே மருந்து இருப்பதால் வீட்டைத் திறக்க மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் உட்காராமல் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள். அத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு பெண்ணைக் கொட்டகையிலிருந்து கூட்டி வந்து மணையில் உட்கார வைத்தாள் ராஜாம்பாள்.

சிங்காரவேல் ஒரு நாள்கூட, அன்றைக்கே சொன்னேனே என்று வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவன் திட்டாதது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அப்புறம் அவனுக்கு இருமல் கண்டது. பெல்ட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகத் தின்ற தூசி. பர்மனெண்ட் ஆனவர்களுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி உண்டு. அவன் கடைசிவரை கண்டிராக்ட். ஆகவே முன்பக்கம்தான் போக வேண்டும். கொட்டகையிலிருந்து சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, சின்னதுரையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு, மருந்துக்கான காலி பாட்டிலோடு வரிசையில் நிற்பான்.

"என் வூட்டுக்குள்ள போவ எனக்கே சீட்டு" என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு இருமலாகும். முறை வந்ததும் பனங்கொல்லை நிலையில் குனிந்து உள்ளே போவான்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் காலையில் அப்படித்தான் போனான். கூட்டம் அதிகம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தான். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. சீட்டு கையிலேயே இருந்தது.

ராஜாம்பாள் ஓடி வந்தாள். அழுகையெல்லாம் அப்புறம்தான். முதலில் அவள் டாக்டர் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் புதிதாக வந்த இளைஞர்.

"ஐயா, அவர நடுவூட்டுல கெடத்தணும். அதுக்குன்னே அகலமா கட்டுனாரு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறோம். அரை நாளு வுடுங்க."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அம்மா, இது இப்ப கவர்மெண்ட் இடம். உள்ள பாடிய வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. இன்னிக்குக் குழந்தைங்களுக்கு ஊசி போடற நாள். இத்தன பேர் தூக்கிட்டு வந்திருக்காங்க. அந்த ரூம்லதான் போடணும். நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்க என்றால் அவள் என்ன சொல்வாள்? வாசலில் பார்த்தாள். இடுப்பில் பிள்ளைகளோடு ஐம்பது அறுபது பெண்கள். பாதிப் பேர் பனங்கொல்லைக்காரிகள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கம்பவுண்டர் பக்கம் திரும்பினாள். சங்கரலிங்கம் டாக்டரிடம் மெல்ல ஏதோ கேட்டுப் பார்த்தார். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டவும், அவர் வந்து சிங்காரவேலின் தோள்பக்கம் பிடித்தார். சின்னதுரை காலைப் பிடித்தான். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொட்டகையில் கிடத்தினார்கள்.

கொட்டகையில் நிமிர்ந்து நிற்க முடியாது. அவ்வளவு உயரமான மனிதனைக் கிடத்தியதும் தலைமாட்டில் விளக்கு வைக்கத்தான் இடம் இருந்தது. ஒப்பாரிக்கு வந்த பெண்கள் பாதிப் பேர் வெயிலில் உட்கார்ந்தார்கள். முன்பக்கம் ஊசி போட்ட பிள்ளைகள் அழுதன. பின்பக்கம் பெண்கள் அழுதார்கள். எது எந்த அழுகை என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் சொந்தக் கட்டடம் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் நகராதது, திறப்பு விழாவுக்குத் தேதி குறித்ததும் ஒரே நாளில் நகர்ந்தது. பெஞ்சு, அலமாரி, தராசு எல்லாம் வண்டியில் ஏறின. மாதம் ஆடி.

சங்கரலிங்கம் சாவியைக் கொண்டு வந்து நீட்டினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். "ரொம்ப நாளாக்கிட்டோம்மா. மனசுல வச்சிக்கிடாதீங்க. ஆவணி பொறந்ததும் மகளையும் மருமகனையும் வரச் சொல்லி, நல்ல நாள் பாத்துப் பால் காச்சுங்க."

அவர் மரியாதைக்குத்தான் மகளைச் சொன்னார். தாலி இல்லாதவள் பால் காய்ச்சக் கூடாது, சுமங்கலிதான் காய்ச்ச வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குள் முதல் ஆளாகப் போகிற யோக்கியதை அவளுக்குப் போய்விட்டது.

"ஆவணி எதுக்குங்க ஐயா?" என்றாள் ராஜாம்பாள். "ஆடி இனிமே எனக்கு என்னா பண்ணும்? பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டுது. அவரு சொன்னன்னிக்கே காச்சியிருந்தா, எம்மேல இரக்கப்பட்டாவது நீங்க வேற எடம் பாத்திருப்பீங்க. நான் நாளு பாத்தன். நாளு என்னப் பாத்துக்கிச்சி."

சங்கரலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் அவள் யாரையும் கூப்பிடவில்லை. பசுமாடு இல்லை, மாவிலை இல்லை, காந்திமதிக்குச் சொல்லியும் அனுப்பவில்லை. கொட்டகையில் இருந்த லெக்கோ கரியடுப்பைத் தூக்கி வந்து, சமையலறையில் வைக்காமல், நடுவீட்டின் நட்டநடுவில் வைத்தாள். சிங்காரவேலைக் கிடத்தக் கேட்ட அதே இடம். கரிக்கட்டி பிடிக்க நேரமாயிற்று. வீடு முழுக்கப் புகை சுற்றியது. புகையையும் மீறி டெட்டால் வாசனை அடித்தது. எதிர் வீட்டுப் பொன்னம்மாள் புகையைப் பார்த்து ஓடி வந்தவள், பால் சட்டியையும் ராஜாம்பாளின் வெறும் கழுத்தையும் பார்த்துவிட்டு, வாயில் கை வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

பால் பொங்கியது. நன்றாகத்தான் பொங்கியது, நாலு பக்கமும் வழிந்தது. ராஜாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறக்கி வைக்கவும் தோன்றவில்லை.

வாசலில் யாரோ செருமினார்கள். கண்ணில் புரை விழுந்த ஒரு கிழவர், கையில் காலி பாட்டிலோடு நின்றார். தூரத்துக் கிராமம், மருந்தகம் போன சேதி தெரியாது.

"மருந்து குடுக்கறவங்க வரலியாம்மா?"

"இங்க இல்ல தாத்தா. தண்ணி டாங்கிகிட்ட புதுக் கட்டடத்துக்குப் போயிட்டாங்க."

"அப்ப இது என்னா?"

"வூடு."

"யாரு வூடு?"

"சிங்காரவேல் வூடு" என்றாள்.

கிழவர் நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு மூக்கை உள்ளே நீட்டினார். தீய்ந்த பால் வாசனை அவருக்கு எட்டியது. "பால் காச்சிக் குடி வந்துகினு இருக்கீங்களா? நல்லாருங்க. வூட்டுக்காரரு உள்ள இருக்காராம்மா?"

"இல்ல தாத்தா" என்றாள் ராஜாம்பாள். "அவரு இந்த வூட்டுக்குள்ள வந்தப்பல்லாம் சீட்டு வாங்கினுதான் வந்தாரு."